விழாப் பாட்டைப் பிள்ளைகள் எழுதட்டும்: பள்ளி ஆண்டு விழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நம் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும், விழாவுக்குத் துணை நிற்கும் ஆலய நிர்வாகத்தாருக்கும் வணக்கம்.

நான் உங்களுக்குப் புதியவள் இல்லை. சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்துப் பின்னறையில் உங்கள் பிள்ளைகளுக்கு ரிக்கார்டர் குழலும் பாட்டும் சொல்லித் தருகிறேன். போன கூட்டத்தில் விழாப் பாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று கை தூக்கினேன். நேரமாகிவிட்டது. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை இது. அதனால் எழுதுகிறேன். எல்லாப் பெற்றோரும் படிக்க வேண்டும் என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

அன்றைக்கு நம்மில் இரண்டு பேச்சு இருந்தது. ஒரு பக்கம், ஏஐ செயலியில் நான்கு வரி எழுதிக் கொடுத்து வாங்கிய பாட்டையே மேடையில் ஒலிக்க விடலாம், செலவும் இல்லை, அலைச்சலும் இல்லை என்றார்கள். இன்னொரு பக்கம், பிள்ளைகள் விழாவில் ஏஐ என்ற பேச்சே வேண்டாம் என்றார்கள். இரண்டு பக்கத்தாரும் பள்ளி மீது உள்ள அக்கறையில்தான் பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு முடிவிலும் பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதுகிற வேலை இல்லாமல் போகிறது. நான் கேட்பது மூன்றாவது ஒன்று.

முதலில் அந்தச் செயலிப் பாட்டு. கைப்பேசியில் ஒலித்தபோது நானும் கவனமாகக் கேட்டேன். குரல் நன்றாக இருந்தது, தாளம் துள்ளியது. ஆனால் அந்தப் பாட்டில் தோட்டம் என்றால் மல்லிகை பூக்கிறது, வண்டு வருகிறது, ஊஞ்சல் ஆடுகிறது. நம் வீட்டில் தோட்டம் என்று சொன்னால் யாருக்காவது மல்லிகை நினைவுக்கு வருமா? விடியலுக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, மேற்பார்க்கும் தண்டல் கூப்பிடும் குரல், ரப்பர் மரங்களின் நிரை, பால் பிடிக்கும் மங்கு, பால் வாளி, தொழிலாளர் வரிசை வீடான லயத்து வீட்டு வாசல். இதுதானே நமக்குத் தோட்டம். அந்த இயந்திரத்துக்கு அது தெரியாது, ஏனென்றால் அது படித்த தமிழில் பெரும்பகுதி வேறு ஊர்த் தமிழ். இன்னொன்றும் நடந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். ‘பழமை’ என்ற சொல்லில் ழகரம் சரியில்லை, அதை மட்டும் திருத்து என்று கேட்டதும் பாட்டு முழுவதும் வேறு மெட்டில் திரும்பி வந்தது. அந்தப் பாட்டில் ஓர் இடத்தைத் தொட்டுத் திருத்த நமக்கு வழியே இருக்கவில்லை. செய்து மூடிக் கொடுத்த பொட்டலம் அது.

நான் சொல்ல வந்த வழியில் பாட்டு ஒலியாக வருவதில்லை. தாளில் சுரமாக வருகிறது. மியூஸ்ஸ்கோர் என்று ஓர் இசைக்குறிப்பு மென்பொருள் இருக்கிறது. ஐந்து கோடு போட்டு, சுரம் வைத்து, அடியில் பாட்டின் சொற்களை எழுதி, அச்சும் எடுக்கலாம், வாசிக்கச் சொல்லிக் கேட்கவும் செய்யலாம். காசு கிடையாது. திறந்த மூல மென்பொருள், யாரும் இறக்கிக்கொள்ளலாம். இதனோடு ஏஐ உதவியாளரை இணைக்க இப்போது வழி வந்திருக்கிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்று ஒரு பொது இணைப்பு முறையை வெளியிட்டது. சுருக்கமாக எம்சிபி. உதவியாளர் ஒரு பக்கம், நம் கணினியில் உள்ள மென்பொருள் மறு பக்கம், நடுவில் ஒரு சின்ன நிரல். ‘எட்டாவது பாரில் (தாளக் கட்டத்தில்) என்ன இருக்கிறது?’ என்று உதவியாளர் கேட்டால் நடுவில் இருக்கும் நிரல் படித்துச் சொல்லும். ‘அங்கே இந்தச் சுரத்தை வை’ என்றால் வைக்கும். தப்பாகிவிட்டதா, ஒரு படி பின்வாங்கச் சொல்லலாம். எல்லாமே திரையில் நம் கண் முன்னால் நடக்கும். மற்றவற்றுக்குக் கை படாமல் அந்த ஒரு சுரத்தை மட்டும் நாமே சுட்டியால் பிடித்து இழுத்தும் மாற்றலாம்.

இணைப்பு இல்லாமலும் முன்பு செய்து பார்த்திருக்கிறேன். உதவியாளர் முழுப் பாட்டையும் ஒரு கோப்பாக எழுதித் தரும். திறந்தால் எங்காவது ஒரு பாரில் கணக்கு இடிக்கும். எங்கே என்று தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். திருத்தச் சொன்னால் மறுபடியும் முழுக் கோப்பு வரும். இணைத்த பிறகு அந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது.

சரி, பிள்ளைகளோடு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். அதுதான் முக்கியம்.

நம் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பாட்டி, முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்துவிட்டார். தன் அம்மா மரத்தடியில் பாடியது என்று ஒரு தாலாட்டைப் பாடிக் காட்டினார்.

மங்கு நிறையப் பாலிறங்க
மழையே கொஞ்சம் தள்ளி நில்லு
மடியில் தூங்கும் கண்ணுக்கு
மரத்து நிழலே தொட்டில் கட்டு

மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. குழந்தையைத் தாலாட்டும்போதே மழையிடம் கெஞ்சுகிற பாட்டு இது. பிள்ளைகள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். ‘எங்க பாட்டியும் இப்படித்தான் மழையைத் திட்டும்’ என்றான் ஒருவன்.

அதை எழுதிப் பார்க்க உட்கார்ந்தோம். முதல் வேலையை இயந்திரத்திடம் கொடுக்கவில்லை. பாட்டி ஒரு வரி பாட, பிள்ளைகள் திரும்பப் பாட, என்ன சுரம் என்று காதால் பிடித்து ஸரிகம எழுத்தில் கரும்பலகையில் எழுதினோம். ஸ ரி க ப த, ஐந்தே சுரம்தான். மோகனத்தின் சாயல். இரண்டு சனிக்கிழமை ஆனது. அப்புறம்தான் உதவியாளரிடம் அந்தச் சுரங்களைக் கொடுத்து, 6/8 தாளத்தில் ஐந்து கோட்டில் எழுதச் சொன்னேன்.

எழுதியது. ஆனால் ஸ என்பதை அது மேற்கத்திய முறையின் சி (C) சுரத்தில் வைத்துக்கொண்டது. முதல் வரியிலேயே பாட்டி கீழ்ப் பஞ்சமத்தை, அதாவது கீழே உள்ள ப-வை, தொட்டுவிட்டு மேலே வருகிறார். பிள்ளைகளின் ரிக்கார்டரில் எல்லாத் துளையையும் அடைத்து ஊதினால் வருகிற கடைசிச் சுரமே சிதான். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. உதவியாளர் நம் பாட்டைக் காதால் கேட்பதில்லை, அதற்குத் தெரிவது எண்கள். நடு சி 60, ஒவ்வொரு அரைச் சுரத்துக்கும் ஒன்று கூடும், ஒன்று குறையும். கீழ்ப் பஞ்சமம் அதற்கு 55. ரிக்கார்டருக்கு எழுதும் சுரம் 60க்குக் கீழே இறங்காது என்று நாம் சொன்னால்தான் தெரிகிறது. சொன்னோம். ஸ-வை ஜிக்கு ஏற்றச் சொன்னோம். ஒரு நொடியில் முழுப் பாட்டும் ஏறியது. ஏறிய பிறகு பார்த்தால், ஸ ரி க என்பது ஜி, ஏ, பி. ரிக்கார்டர் கற்கும் பிள்ளை முதன்முதலில் பழகும் மூன்று சுரங்கள் அவை. ப, த இரண்டும் டி, இ. நான்காம் ஆண்டுப் பிள்ளைகூட இந்தப் பாட்டை ஊதலாம். அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அடுத்து சொற்கள். இந்த மென்பொருளில் ஒவ்வொரு சுரத்துக்கும் அடியில் பாட்டின் ஓர் அசையை எழுத வேண்டும். உதவியாளர் ‘பாலிறங்க’ என்பதை பா, லி, ற, ங், க என்று ஐந்தாகப் பிரித்து ஐந்து சுரத்துக்குக் கீழே போட்டது. ‘கண்ணுக்கு’ என்பதிலும் ண் தனியாக, க் தனியாக. ரிக்கார்டரை வாயில் வைத்த பையன் எடுத்துவிட்டுக் கேட்டான், ‘டீச்சர், ங்-க்கு நான் எப்படிங்க பாடுறது?’ நல்ல கேள்வி. புள்ளி வைத்த எழுத்து தனியே நிற்காது, முன்னால் இருக்கும் எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். பா, லி, றங், க. கண், ணுக், கு. பிள்ளைகள் கைதட்டித் தட்டி எல்லாச் சொல்லையும் பிரித்துச் சொன்னார்கள். ஒருத்தி தட்டச்சு செய்தாள். இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. தப்பான பிரிப்பில் அசைகள் கூடிப் போனதால், இரண்டாம் வரியின் சொற்கள் மூன்றாம் வரியின் சுரத்துக்குத் தள்ளிப் போயிருந்தன. மெட்டைத் தொடாமல், அந்தப் பாரிலிருந்து சொற்களை மட்டும் அழித்துவிட்டுத் திரும்ப எழுது என்றோம். அழித்தது, எழுதியது, சரியாக உட்கார்ந்தது. இதைத்தான் அந்தச் செயலிப் பாட்டில் செய்ய முடியவில்லை.

சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் வரவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ‘மழையே’ என்ற இடத்தில் பாட்டியின் காந்தாரம் (க) நேராக நிற்பதில்லை. ரிஷபத்திலிருந்து (ரி) ஏறி, அசைந்து, குழந்தையின் முதுகில் தட்டுகிற மாதிரி இறங்குகிறது. கமகம் வேண்டும் என்று கேட்டதற்கு உதவியாளர், பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டை மாறி மாறி விரைவாக ஒலிக்கச் சொல்லும் ‘ட்ரில்’ குறியைப் போட்டது. ட்ரில் வேறு, கமகம் வேறு. போட்டுக் கேட்டபோது பிள்ளைகளுக்கே முகம் மாறியது. எடுத்துவிட்டோம். ஒரு சின்ன முன்சுரமும் ஒரு வளைகோடும் மட்டும் வைத்து, ‘இங்கே பாட்டி பாடுவது போல’ என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். அதைப் பாட்டியிடமிருந்துதான் கற்க வேண்டும், தாளிலிருந்து முடியாது.

நம் கோயில் நாதஸ்வர வித்துவான் இதைக் கேட்டுவிட்டு, ‘எழுதி வைத்தால் இசை செத்துவிடும் அம்மா’ என்று வருத்தத்தோடு சொன்னார். அவர் சொல்வதை நான் மதிக்கிறேன். அவர் வாசிக்கும் இசையை எழுதுகிற எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் எழுதி வைப்பது நம் மரபுக்கு அந்நியம் என்று சொல்ல முடியாது. 1893இல் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் கர்நாடக இசையை ஐந்து கோட்டில் எழுதி வெளியிட்டார். 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு கமகத்துக்கும் தனித்தனிக் குறி உண்டு. அவர்கள் எழுதி வைத்ததால் நமக்குத் தப்பிப் பிழைத்த உருப்படிகள் எத்தனை! நம் தோட்டத்துப் பாட்டுகளுக்கு அப்படி எழுத ஆள் கிடைக்கவில்லை. கும்மி, தாலாட்டு, ஒப்பாரி, வெட்டு முடிந்து வரும்போது பெண்கள் பாடியவை எல்லாம் வாயிலேயே இருந்தன. லயம் காலியானபோது பாடியவர்கள் ஆளுக்கொரு தாமானுக்குப் போய்விட்டார்கள். இன்றைக்குப் பாடத் தெரிந்தவர்களுக்கு எழுபது, எண்பது வயது.

‘பிள்ளைகள் சோம்பேறி ஆகிவிடுவார்கள்’ என்று ஓர் அப்பா கேட்டார். நியாயமான பயம். அதற்காகத்தான் வகுப்பில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: யாராவது ஒரு பிள்ளை வாயால் பாடிக் காட்டாத வரியை உதவியாளரிடம் கொடுப்பதில்லை. அது தருவதை அப்படியே எடுப்பதும் இல்லை. கீழ்க்குரல் குழுவுக்கு, அதே ஐந்து சுரத்துக்குள் ஒரு துணை மெட்டு கேட்டோம். மூன்று தந்தது. முதல் இரண்டும் நம் பாட்டுக்கு ஒட்டாத அடுக்குச் சுரங்கள். பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். மூன்றாவது, சுருதிப் பெட்டி போல ஸ, ப இரண்டையும் பிடித்துக்கொண்டே போய் வரி முடியும் இடத்தில் மட்டும் அசைந்தது. அதை எடுத்துக்கொண்டு, கடைசி வரியில் இரண்டு சுரத்தைப் பாட்டியின் பேத்தி மாற்றினாள். ‘தொட்டில் கட்டு’ன்னு சொல்லும்போது இறங்கக் கூடாது டீச்சர், தொட்டிலை மேலேதானே கட்டுவாங்க என்றாள். பத்து வயதுப் பிள்ளை இசையமைப்பாளராக யோசிக்கிறாள். சோம்பேறித்தனம் என்று இதை என்னால் எண்ண முடியவில்லை.

இயந்திரம் மிச்சம் பிடித்துத் தந்தது என் இரவுகளை. முன்பெல்லாம் நான்கு குழுவுக்கும் தனித்தனியாகக் கையால் படி எடுக்க நள்ளிரவு ஆகிவிடும். இப்போது சுருதி மாற்றுவது, குழுவாரியாகப் பிரிப்பது, கண் மங்கலான பிள்ளைக்குப் பெரிய எழுத்தில் ஒரு படி எடுப்பது எல்லாம் சில நிமிடங்களில் முடிகிறது. அந்த நேரத்தைப் பிள்ளைகளோடு செலவிடுகிறேன்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மியூஸ்ஸ்கோர் நம் கணினியில் ஓடுகிறது. ஆனால் உதவியாளரிடம் நாம் எழுதுவது இணையம் வழியாக வெளியே போகிறது. அதனால் பிள்ளைகளின் பெயர், படம், குரல் எதையும் அதில் கொடுப்பதில்லை. பாட்டியின் குரல் பதிவும் என் கைப்பேசியை விட்டு வெளியே போகவில்லை. கணக்கு என்னுடையது, தட்டச்சு செய்யும்போது நான் பக்கத்தில் இருக்கிறேன். பாட்டை எழுதவும் மேடையேற்றவும் பாட்டியிடம் கேட்டு, அவர் மகனையும் வைத்துக்கொண்டு சம்மதம் வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்று, பாட்டை எந்த வடிவில் சேமிப்பது என்பது. 1988 முதல் உலகமெங்கும் இசையமைப்பாளர்கள் நம்பியிருந்த ஃபினாலே என்ற மென்பொருளை 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனமே நிறுத்திவிட்டது. முப்பது வருட உழைப்பை அதில் வைத்திருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதனால் ஒவ்வொரு பாட்டையும் மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவிலும் சேமிக்கிறேன். அதைப் பெரும்பாலான இசைக்குறிப்பு மென்பொருள்களில் திறக்கலாம். ஒரு படி அச்சடித்துப் பள்ளி நூலகத்தில் இருக்க வேண்டும். நாளைக்கு இந்த ஏஐ நிறுவனங்களே இல்லாமல் போனாலும் பாட்டு நம்மிடம் இருக்கும்.

இதைச் சொல்லும்போது, மஇகா தலைவராக இருந்த துன் வீ. தி. சம்பந்தனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நம் ஊர்க்காரர். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று, நம் சனங்கள் வேலையும் வீடும் போய் நின்ற காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. அவர் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளிகளிடம் 10 வெள்ளி 10 வெள்ளியாகச் சேர்த்து, அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்க வைத்தார். கூலிக்கு நின்ற நிலத்தில் பங்குக்காரர்களாக நின்றார்கள் நம் தாத்தாமார். அந்த ஊரில் பிறந்த பிள்ளைகள், தங்கள் பள்ளி விழாவில் யாரோ எங்கோ உருவாக்கிய பாட்டுக்கு வாயசைத்து நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். செயலியில் வாங்கிய பாட்டை விழாவில் ஒலிக்க விட வேண்டாம். ஏஐ அடியோடு வேண்டாம் என்ற தீர்மானத்தையும் நிறைவேற்ற வேண்டாம். விழாப் பாட்டை எழுதும் பொறுப்பைச் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அலுவலகத்தில் சும்மா இருக்கும் அந்தப் பழைய மடிக்கணினியை விழா முடியும் வரை தாருங்கள், என்னுடையதை வைத்துக்கொண்டு இருபத்து இரண்டு பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். அழைப்பிதழில் பாட்டின் பக்கத்தில் பாடிக் கொடுத்த பாட்டியின் பெயரை முதலில் போடுங்கள், எழுதிய பிள்ளைகளின் பெயரை அடுத்துப் போடுங்கள். ஏஐ உதவியோடு குறிப்பு எழுதப்பட்டது என்பதையும் ஒரு வரியில் போட்டுவிடுவோம். ஒளிக்க ஒன்றும் இல்லை. வீட்டில் பாடத் தெரிந்த பெரியவர்கள் இருந்தால் பெற்றோர்கள் என்னிடம் சொல்லுங்கள், நானே வீட்டுக்கு வருகிறேன்.

முடிவெடுக்கும் முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்குக் கோயில் மண்டபத்தில் பிள்ளைகள் தாலாட்டை முழுவதும் ஊதிப் பாடப் போகிறார்கள். பாட்டியும் வருகிறார். அவருக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. முன்வரிசையில் ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சனிக்கிழமை இசை வகுப்பு ஆசிரியை
சுங்கை சிப்புட்